மீசை வழியே தண்ணீர்

இந்தத் தடவையும் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அண்டாவுக்குள் விட்டிருந்த தலையை லோகநாதன் வெடுக்கென்று பிடுங்கினான். மூக்கும் தொண்டையும் ஒன்றாக எரிந்தன. பாத்ரூம் சுவரில் கையை ஊன்றி, பார்க்கிறவர்கள் வாந்தி எடுக்கிறான் என்று நினைத்துக்கொள்கிற மாதிரி குனிந்து நின்று இருமினான். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற முக்குளிப்பு மாஸ்க்; அதன் கண்ணாடிக்குள் பாதி மட்டத்துக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. ஊதித் தள்ளணும் அங்கிள், அவ்வளவுதான், ஒண்ணுமே இல்ல என்று போனில் சொல்லியிருந்தான் ஜெரால்டு, அந்தமானில் ஹேவ்லாக் தீவில் இவர்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போகப்போகிறவன். மாஸ்க்கின் மேல் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு, தலையைத் தூக்கி, மூக்கால் ஊதினால் உள்ளே வந்த தண்ணீர் கீழ் வழியாகப் போய்விடுமாம். ஒண்ணுமே இல்லையாம். ஊத வேண்டிய நேரத்தில் லோகநாதனின் மூக்கு உறிஞ்சித் தொலைக்கிறது. பிறந்ததிலிருந்து உறிஞ்சியே பழகின மூக்கு, கரூரில் சாயத் தண்ணியும் டீசல் புகையும் தவிர வேறெதுவும் அறியாத மூக்கு, அதற்குப் போய் இந்த வயசில் புதுப் பழக்கம் சொல்லிக்கொடுத்தால் ஏறுமா. இன்றைக்கு ராத்திரி ரயில். சென்னை, அங்கிருந்து விமானம், அப்புறம் படகு, அப்புறம் அந்தத் தீவு, அப்புறம் இடுப்பளவு கடலில் நிற்கவைத்து ஒரு பரீட்சை. தண்ணீர் புகுந்தால் பதறாமல் ஊதிக் காட்டுகிறவனைத்தான் கீழே கூட்டிப்போவார்கள். காட்டாதவன் படகில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னலாம். லோகநாதன் படகில் உட்கார்ந்தால் அவன் மகள் தாரணியும் இறங்கமாட்டாள். அவள் இந்த வருசம் இறங்கவில்லையென்றால் அப்புறம் இறங்கி என்ன பிரயோசனம். மாஸ்க்கைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி மாட்டினான்.

எங்கே ஒழுகுகிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் அவன் வேலையே அதுதான். கட்டி முடித்த பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தி, நாலு பக்கமும் குழாய் வைத்து மழை மாதிரி அடிப்பார்கள்; இவன் உள்ளே உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியைச் சுற்றின ரப்பர் பீடிங்கில் விரலை ஓட்டி, எங்கே ஈரம் கசிகிறதென்று பார்ப்பான். ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு நூல் மாட்டியிருந்தால் போதும், ஒரு சிம்பு போதும், மதுரை போய்ச் சேர்வதற்குள் பயணியின் மடி நனைந்துவிடும். எத்தனை பேரைத் திட்டியிருப்பான், தண்ணிக்கு மயிரிழை போதும்டா என்று. இப்போது அந்த மயிர் இவன் முகத்திலேயே இருக்கிறது. ரப்பர் விளிம்பு வந்து உட்காருகிற இடம் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில். அங்கே காடு மாதிரி வளர்ந்து கிடக்கிறது மீசை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மீசை. ஷெட்டில் இவனுக்கு மீசைக்காரர் என்றே பேர். முதலில் ஜெரால்டு கேட்டதும் அதைத்தான்: அங்கிள், மீசை பெருசுங்களா? ஏன் கேக்கறீங்க தம்பி? பெருசுன்னா கொஞ்சம் தண்ணி வரும், வாசலின் தடவிப் பாருங்க, அதுக்கும் வந்தா எடுத்துட்டு வந்துருங்க, சுத்தமா ஷேவ் பண்ணிட்டா பிரச்சினையே இல்ல. தலைமுடி வெட்டிக்கொண்டு வரச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டான். பாவம், தீவிலேயே பிறந்து வளர்ந்தவன், மீனுக்கு மீசை உண்டா இல்லையா என்பதுதான் அவனுக்குத் தெரியும். ஒரு டப்பா வாசலினும் காலியாகிவிட்டது. மேலுதடு முழுக்க வழுவழுவென்று, கறிக்கடைக் கட்டை மாதிரி மினுங்குகிறது. தண்ணீர் வருவது வந்துகொண்டேதான் இருக்கிறது.

மறுபடி குனிந்தான், அண்டாவின் விளிம்பு தெரியாமல் நெற்றியில் இடித்தது. மாஸ்க் போட்டால் இதுதான் சங்கடம், நேர் எதிரே இருப்பதுதான் தெரியும், பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது. வாளியைத் தேடினால் வாளி இல்லை. தலையை முழுசாகத் திருப்பினால்தான் வாளி. சோப்புப் பெட்டி இல்லை, திருப்பினால்தான் உண்டு. உலகமே ஒரு குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படியே நின்றுவிட்டான். தாரணிக்கு எப்போதும் இப்படித்தானே. இதைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியாது அவளுக்கு. குழாய் வருசா வருசம் சிறுத்துக்கொண்டே வருகிறது. போன வருசம் சோற்றுத் தட்டு முழுசாகத் தெரிந்தது, இந்த வருசம் சோறு தெரிந்தால் பொரியல் தெரியவில்லை என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள், கழுதை. ஒருநாள் போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு கடலுக்கடியில் எடுத்த படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்பா, இந்தக் கண்ணாடிய மாட்டிட்டா யாருக்குமே பக்கம் தெரியாதாம்ப்பா, அங்க எல்லாருக்கும் என்னைய மாதிரித்தான் தெரியும் என்றாள். கூட்டிக்கொண்டு போ என்றுகூடச் சொல்லவில்லை. லோகநாதன்தான் ஷெட்டுக்குப் போய் ஒரு பஸ்ஸுக்குள் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் அடிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி வாய்விட்டு அழுதான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான், கூட்டிக்கொண்டு போவதென்று. ஒரு அரைமணி நேரமாவது அவள் எல்லோரையும் போல இருக்கட்டும். எல்லோரும் அவளைப் போல இருக்கட்டும். கண் டாக்டர்கூடச் சரியென்றார், பகலில் போங்கள், கையை விடாதீர்கள், தள்ளிப்போட மட்டும் செய்யாதீர்கள் என்றார். ஒத்திகைக்காகக் கோயமுத்தூரில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனார்கள். அங்கேதான் கெட்டது. இவன் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. பதறிப்போய் உதைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டான். கீழே தாரணியின் பார்வைக் குழாய்க்குள் இருந்த அப்பா திடீரென்று இல்லை. இந்தப் பக்கம் திரும்பினாள் இல்லை, அந்தப் பக்கம் திரும்பினாள் இல்லை. வாயிலிருந்த காற்றுக்குழாயைத் துப்பிவிட்டு அவள் தண்ணீருக்குள்ளேயே கத்தினாளாம். தூக்கிக்கொண்டு வந்த பயிற்சியாளன் சொன்னான். கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு, நீங்க எனக்கு நேரா முன்னாடி இருந்தா நான் எறங்கறேன், இல்லீன்னா வேண்டாம்ப்பா என்றாள். நேராக முன்னால் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அப்புறம் என்னடா யோசனை, எடுத்துத் தொலை. ரேஸர் கண்ணாடித் தட்டில் இருக்கிறது, சோப்பு இருக்கிறது. மனைவி சாந்தாமணியும் தாரணியும் தொப்பியும் துணியும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இவனும், ஹாலில் பாத்ரூம் கதவுக்கு எதிரே கட்டிலில் கிடக்கும் அப்பாவும்தான். அப்பாதான். அங்கேதான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது எல்லாம். அப்பா உயிரோடிருக்கும்போது மீசை எடுக்கிற மகன் எங்காவது உண்டா? அப்பன் செத்தால், நாவிதர் வந்து குளத்து மேட்டிலோ சுடுகாட்டுக் குழாயடியிலோ உட்காரவைத்து, தலையையும் மீசையையும் எடுப்பார். ஈரவேட்டியோடு வழுவழுத்த முகத்தோடு ஊருக்குள் வருகிறவனைப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கேட்க என்ன இருக்கிறது, முகமே சொல்லிவிடும். சின்ன வயசில் ஒருதடவை, காலேஜ் படிக்கிறபோது, சினிமாவில் பார்த்துவிட்டு இவனும் மழித்துக்கொண்டு வந்தான். அப்பா அப்போது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, யாரைக் கொண்டுபோய் எரிச்சுட்டு வர்றே என்றார். மீசை முளைக்கிற வரைக்கும் இவனோடு ஒரு பேச்சு இல்லை. அந்த மனுசன் இப்போது ஒருபக்கம் செத்துப்போய்க் கிடக்கிறார். வலது கை மட்டும் சொன்னபடி கேட்கிறது; அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் வேண்டுமா, ஒன்றுக்குப் போக வேண்டுமா, ஈ உட்கார்ந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் கட்டில் கம்பியில் டங் டங் என்று தட்டுவார். பேச்சு என்றைக்காவது ஒரு வார்த்தை வரும், இரண்டு வரும், அதுவும் கொழகொழவென்று. கடலுக்குள்ளயும் பேச முடியாது அங்கிள், கவனத்தைத் திருப்பணும்னா நாங்க சிலிண்டர்ல டங் டங்குன்னு தட்டுவோம் என்று ஜெரால்டு சொன்னபோது லோகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்க வீட்டுல ஏற்கெனவே பழக்கந்தானுங்க தம்பி என்றான். இதோ இப்போது வெளியே சத்தம் இல்லை. தூங்குகிறார் போலிருக்கிறது. தூங்கட்டும். தூங்கட்டுமா? சத்தமே இல்லையே. கதவை லேசாகத் திறந்து பார்த்தான், போர்வை ஏறி இறங்கியது, கதவைச் சாத்திக்கொண்டான்.

ஏறி இறங்குகிறது என்றதும் வந்தது நிம்மதியா, வேறொன்றா? சொல்லிவிடலாம், பாத்ரூமுக்குள் யார் கேட்கப்போகிறார்கள். வேறொன்றுதான். இதற்கு முன்னால் இரண்டு தடவை டிக்கெட் போட்டுக் கான்சல் ஆயிற்று. முதல் தடவை, பெட்டி கட்டி வைத்தபிறகு அப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டது. இரண்டாந்தடவை நெஞ்சில் சளி கட்டி, டாக்டரே சொல்லிவிட்டார், சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று. ஒரம்பரை, சொந்தபந்தம் பூராவும் வந்து ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்தது. பால் ஊற்றினார்கள். அப்பா பாலைக் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். எல்லோரும் சந்தோசமாகத் திரும்பிப் போனார்கள். லோகநாதன் மட்டும் மாடிக்குப் போய், தாரணியின் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பரவால்லீங்கப்பா, அப்பாரு நல்லாயிட்டாங்கல்ல என்றாள், தாத்தாவை அவள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதிலிருந்து இவனுக்குள் ஒரு பாழாய்ப்போன கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தினாலும் நிற்பதில்லை. போறதுன்னா இப்பவே போயிருங்கப்பா, காரியமெல்லாம் முடிச்சுட்டுப் போயிக்கறேன். இல்லீன்னா நாங்க போய்ட்டு வர்ற வரைக்கும் இருங்க, கெட்டியா புடிச்சுக்குங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. நடுவுல மட்டும் போயிராதீங்க. பெத்த அப்பனிடம் இப்படி நாள் குறித்துக் கேட்கிறவன் என்ன பிறப்பு. வாயில் மோர் ஊற்றும்போதே மனசு கேட்கிறது, இந்த வாரமா அடுத்த வாரமா என்று. கேட்டுவிட்டு, கேட்ட பாவத்துக்கு இன்னொரு கரண்டி ஊற்றுகிறான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிற அக்கா தாராபுரத்திலிருந்து சாயங்காலம் வந்துவிடுவாள். போறது போடா, ஆனா ஒண்ணு ஆச்சுன்னா கொள்ளி வெக்க நீ இல்லீன்னா உன்னைய மனுசன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான் பாத்துக்க என்றாள் போனில். தப்பா சொல்கிறாள்? இல்லை. கடலுக்கடியில் இருக்கிறவனுக்கு எப்படித் தாக்கல் சொல்வது? படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றினால்தான் செய்தி. விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் இங்கே ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள், இல்லை பங்காளி எவனாவது கொள்ளி வைத்திருப்பான். சரி, வந்து சேர்ந்துவிட்டான் என்றே வைத்துக்கொள், அப்புறம்? நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எடுக்க மீசை எங்கே? மீனைப் பார்ப்பதற்காக முன்கூட்டியே எடுத்துவிட்டேன் என்பானா. பங்காளிகள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அப்பன் எப்போ சாவான்னு இவன் முன்னாடியே சிரைச்சுட்டுல்ல உக்காந்திருந்திருக்கான். சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். சொன்னால் அது பொய்யும் இல்லை.

ரேஸரைக் கையில் எடுத்துவிட்டான். எப்போது எடுத்தானென்று தெரியவில்லை. கண்ணாடியில் மாஸ்க் ரப்பர் பதிந்த சிவப்புத் தடம் கண்ணைச் சுற்றி வட்டமாக. முதன்முதல் காட்டப் போன அன்றைக்கு டாக்டர் தாரணியின் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் இருந்து கருவியைக் கழற்றியபோது அவருக்கும் இப்படித்தான் ஒரு தடம் இருந்தது. கழற்றிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, சொந்தத்துல கட்டினீங்களா? சாந்தாமணி தலையை ஆட்டினாள், இவனும் ஆட்டினான். அத்தை மகள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி மகள். இவனுக்கு அப்போது கல்யாணத்திலேயே நாட்டம் இல்லை; சாந்தாமணியும் மேலே படிக்கவேண்டும் என்றுதான் அழுதாள். அப்பாதான் பிடிவாதமாக நின்றார். தங்கச்சிக்கு வாக்குக் குடுத்துட்டேன், ஒறவு விட்டுப்போகக்கூடாது, நம்ம ரத்தம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். ரத்தம் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது, டாக்டர் அதைத்தான் படம் போட்டுக் காட்டினார். இவங்க பக்கத்துலேர்ந்து ஒரு கோளாறு, உங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு, ரெண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது, ரெண்டும் சேர்ந்தா இப்படி ஆகலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். யார் தப்பும் இல்லை என்றும் சொன்னார், நல்ல மனுசன். அதுவரைக்கும் இவர்கள் மாலைக்கண் என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு ஈரல் வதக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரல் வாங்கி வருகிறவர் அப்பா. விடிகாலையிலேயே போய், முதல் ஆட்டு ஈரலாகப் பார்த்து, இலையில் சுற்றிக்கொண்டு வருவார். அம்முணி, கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிரு என்பார். அன்றைக்கும் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர்தான் உட்கார்ந்திருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை ஈரல் வாங்கப் போகவில்லை. சாந்தாமணிகூட, மாமா ஏன் இப்படி இருக்காங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க என்றாள். என்ன சொல்வது? உங்களாலதான் என்றா, உங்களால இல்லீங்க என்றா? இரண்டும் வாய்க்குள் வந்து மோதிக்கொண்டு நின்றன. சொல்லாமலே விட்டான். சொல்லாமல் விட்டு விட்டு, ஒருநாள் அப்பாவுக்கே பேச்சு போய்விட்டது. இனி சொன்னால் பதில் வராது என்று ஆனபிறகு சொல்வது கோழைத்தனம். அதனால் இன்னும் சொல்லவில்லை.

டங்.

லோகநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரு தட்டுத்தான். தூக்கத்தில் கை பட்டிருக்கும். காத்திருந்தான். அப்புறம் அவன் கை அவனைக் கேட்காமலே சோப்பை நுரைத்து மேலுதட்டில் பூசியது. வாசலின் மேல் நுரை நிற்கவில்லை, வழிந்து வாய்க்குள் போயிற்று. சனியன். துடைத்து, மறுபடி பூசினான். கடவுளே, இது வெறும் மயிர். பஸ் கண்ணாடியில் மாட்டின சிம்பு. பிடுங்கி எறிந்தால் பீடிங் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் வராது, அவன் மேலே ஓடிவரமாட்டான், தாரணியின் குழாய்க்குள் அப்பா அப்பாவாகவே இருப்பான், அவளுக்கு அடையாளம் தெரிய ஒரு மஞ்சள் துணியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நேராக முன்னால். அதுக்கப்புறம் ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் வெளியே போகவேண்டுமே. பாத்ரூம் கதவைத் திறந்தால் நேர் எதிரே கட்டில். பார்வை மட்டும் அந்த மனுசனுக்குக் கொஞ்சமும் மங்கவில்லை, ஆண்டவன் பண்ணுகிற வேலையைப் பார். எண்பது வயசுக்கு சுவர் உச்சியில் ஓடுகிற பல்லியைக் காட்டுவார். இந்த முகத்தோடு அவருக்கு மோர் ஊற்ற முடியுமா? துண்டைக் கட்டிக்கொண்டு, சளிப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ராத்திரி ரயில் ஏறுகிற வரைக்கும் சமாளித்துவிடலாம். அப்புறம் திரும்பி வருவதற்குள் கொஞ்சம் முளைத்திருக்கும். திரும்பி வருவதற்குள். அந்த வார்த்தையில் போய் நின்றுகொண்டது மனசு. கையும் நின்றது. டங் டங். இந்தத் தடவை தூக்கத்துக் கை இல்லை. டங் டங் டங். அது ஒன்றுக்குத் தட்டுகிற தட்டு, லோகநாதனுக்கு அத்தனை தட்டும் பாடம். வாரனுங்கப்பா என்று கத்தினான், கத்திக்கொண்டே ரேஸரை இழுத்தான். ஒரு இழுப்பு. இடது பக்கம் போயிற்று. கண்ணாடியில் பாதி மீசையோடு ஒரு கிறுக்கன் நின்றான். இந்தக் கோலத்தில் சுடுகாட்டுக்கும் போகமுடியாது, கடலுக்கும் போகமுடியாது. டங் டங் டங் டங். இருங்கப்பா, வந்துட்டேன். வலது பக்கமும் இழுத்தான்; அவசரத்தில் உதட்டுக்கு மேல் கிழித்துக்கொண்டது, ரத்தம் நுரையில் இறங்கிச் சிவப்பாயிற்று. துண்டைத் தேடினான். துண்டு ஹாலில் கொடியில் தொங்குகிறது, எடுத்து வர மறந்திருக்கிறான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

படுக்கை நனைந்துவிட்டிருந்தது. அப்பா, நாச்சிமுத்து, தட்டிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். ஈரத் தலை, ஈர வேட்டி, வழுவழுத்த மேலுதடு, அதிலிருந்து வழிகிற ரத்தம். லோகநாதன் கையால் வாயைப் பொத்தப் போனான். பாதியில் கை தொங்கிவிட்டது, இனிமேல் பொத்தி என்ன. திட்டட்டும் என்று நின்றான். திட்டினாலாவது பரவாயில்லை. அப்பா திட்டவில்லை. கண்ணைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்; அங்கே அம்மாவின் படம் மட்டும் மாலையோடு இருந்தது, பக்கத்தில் அவர் படத்துக்கான இடம் காலியாக. திரும்ப மகனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து, அது மெல்லத் தெளிந்துகொண்டு வருவதை லோகநாதன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா.

கொழகொழவென்றுதான் வந்தது, ஆனால் புரிந்தது. எதுங்கப்பா என்றான் இவன்.

"எங் காரியம்."

இல்லீங்கப்பா, நீங்க இருக்கீங்க, இது கடலுக்காக எடுத்தது, தண்ணி உள்ள வருதுங்க, கண்ணாடி உக்காரமாட்டேங்குது என்று சொல்ல வாயைத் திறந்தான். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் பயம் இல்லை. எத்தனையோ மாசமாகப் பார்க்காத ஒன்று இருந்தது அதில்; பாரம் இறக்கின ஆள் திண்டில் சாய்ந்து உட்காருவானே, அந்த மாதிரி. அதை எப்படிப் பிடுங்குவது? பிடுங்கி, இல்லீங்க, இன்னும் நீங்க படுக்கணும், நான் இன்னும் நாள் எண்ணணும் என்று எப்படிச் சொல்வது?

"முடிஞ்சுதுங்கப்பா," என்றான்.

அப்பா தலையை ஆட்டினார். சனமெல்லாம் வந்ததா என்று கேட்டார், வந்தது என்றான். நல்லாச் செஞ்சியா என்று கேட்டார். குறையில்லாமல் செய்தேன் என்றான். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ரத்தமும் கண்ணீருமாக உதட்டில் உப்புக் கரித்தது, செத்த அப்பனுக்கு அழுகிற அழுகைதான் அது, சந்தேகமே இல்லை. அப்பா டம்ளரை விட்டுவிட்டு அந்த ஒரு கையை நீட்டினார். லோகநாதன் குனிந்தான். அவர் விரல் இவன் உதட்டுக்கு மேல், மீசை இருந்த இடத்தில் தடவிப் பார்த்தது.

"அப்பறம் ஏஞ் சாமி இன்னும் நிக்கறே," என்றார். "அம்முணியக் கூட்டிட்டுக் கெளம்பு. அது கண்ணு... நாந்தானே..."

லோகநாதன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லீங்கப்பா, உங்களால இல்லீங்க என்றான். இத்தனை நாள் வாய்க்குள் நின்றது எவ்வளவு லேசாக வந்துவிட்டது. கேட்டாரா, கேட்கவில்லையா தெரியாது, கண்ணை மூடிக்கொண்டார். இவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நனைந்த துணியை உருவி, அவர் இடுப்பைத் துடைத்து, வேறு வேட்டி சுற்றி, விழுந்து கிடந்த டம்ளரை எடுத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தான். பழக்கம்.

வெளிக்கதவு திறந்தது. சாந்தாமணி ஆட்டோக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. தாரணி முன்னால் வந்துவிட்டாள். வெயிலிலிருந்து ஹாலுக்குள் வந்தால் அவளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. வாசற்படியைத் தாண்டி, புதுத் தொப்பி போட்ட தலையோடு, ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்பா, எங்கிருக்கீங்க என்றாள். லோகநாதன் எழுந்து போய் அவளுக்கு நேராக முன்னால் நின்றான். நீட்டின கை அவன் தோளில் பட்டது, கன்னத்துக்கு ஏறிற்று, ஈரம் பட்டுத் தயங்கிற்று, மேலுதட்டுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. விரல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருதரம் போய்வந்தது. அவள் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று.

"அப்பாரு போயிட்டாங்களா?" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

கட்டில் கம்பியில் டம்ளர் டங் டங் என்று தட்டியது.